பள்ளி மடிக்கணினி: மும்பைத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயான் கோலிவாடா, தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர் பகுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பள்ளி இரவலாகக் கொடுத்த கருவிகள் இவை. அதாவது படிப்பு முடியும்வரை பிள்ளையின் கையில் இருந்தாலும், உடைமை பள்ளியுடையது. விண்டோஸ் மடிக்கணினிகளே அதிகம், சிலருடையது கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் குரோம்புக். வேறுபாடு உள்ள இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏதோ கோளாறு என்று தெரிந்தவுடன் முதலில் என்ன செய்வது?

கையை எடுத்துவிடுங்கள். திரையில் ஏதாவது எழுதியிருந்தால், அதை மூடுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். “என்னமோ இங்கிலீஷில் வந்தது, ஓகே அழுத்திவிட்டேன்” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம். அந்த “என்னமோ”வில்தான் பெரும்பாலும் விடை இருந்திருக்கும். அடுத்து, கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள். புதிய சார்ஜர், புதிய வைஃபை, கீழே விழுந்தது, தம்பி விளையாடியது என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள், விண்டோஸில் அப்படியில்லை. விரைவாகத் திறப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்கருவின் (எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படைப் பகுதியின்) நிலையைச் சேமிப்பு வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துப் பயன்படுத்தும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எனப்படும் அந்த ஏற்பாடு பெரும்பாலான கருவிகளில் இயங்கிக்கொண்டே இருப்பதால், பத்து நாளும் இரவில் ஷட் டவுன் செய்த கருவியில்கூட பத்து நாள் பழைய சிக்கல் அப்படியே தங்கியிருக்கலாம். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சார்ஜரைச் செருகும்போது பக்கவாட்டு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால், எக்ஸ்டென்ஷன் போர்டைத் தவிர்த்துச் சுவரில் உள்ள பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். நம் ‘சால்’ (வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பு) வீடுகளில் ஒரே போர்டில் டிவி, ஃபேன், மிக்சி, இரண்டு கைபேசிகள் என்று எல்லாம் தொங்குவதால் அதன் பித்தளை முனைகள் தளர்ந்துபோயிருப்பது சாதாரணம். சார்ஜரில் பெரும்பாலும் இரண்டு துண்டு வயர் இருக்கும். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் முதல் துண்டு தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் இயங்காவிட்டால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரைச் செருகி இயக்கிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிட்டால் பல கருவிகள் எழுந்துகொள்கின்றன. குரோம்புக்கில் வட்ட அம்பு போட்ட புதுப்பிப்பு விசையை அழுத்திக்கொண்டே பவர் பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் டவுன்லோட்ஸ் அடைவில் உள்ள சில கோப்புகள் அழிய வாய்ப்பு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விசிறி சுற்றும் ஓசை கேட்டும் திரை கறுப்பாக இருந்தால் அது வேறு கதை. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு ‘பீப்’ ஒலியோடு திரை திரும்பினால், திரையை இயக்கும் மென்பொருள்தான் உறைந்திருந்தது என்று பொருள்.

பக்கத்து வீட்டுச் சார்ஜரைப் போடலாமா?

இரண்டு சார்ஜர்களின் அடியிலும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற வரியில் உள்ள வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். 19 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் கொடுப்பது வீண், கூடுதலாகக் கொடுப்பது ஆபத்து. ஆம்பியர் எண் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. டைப்-சி முனை உள்ள கருவிகள் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைச் சார்ஜருடன் பேசி முடிவு செய்துகொள்வதால் அவற்றில் அந்தப் பயம் குறைவு. ஆனால் 45 அல்லது 65 வாட் கேட்கும் மடிக்கணினிக்கு கைபேசியின் சிறிய சார்ஜரைச் செருகினால், இரவெல்லாம் கிடந்தாலும் நிறையாது, அல்லது சார்ஜே ஏறாது.

சார்ஜ் போட்டிருக்கும்போது தொட்டால் கை சுருக்கென்கிறது. ஷாக் அடிக்கிறதா?

இந்தக் கேள்வியை நான் இலேசாக விட்டுவிடுவதில்லை. தாராவியில் ஒரு வீட்டின் மேல்மாடத்தில், தரையில் சம்மணமிட்டு மடியில் கணினியை வைத்துப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவன், “பாம்பு ஊர்வதுபோல இருக்கிறது அண்ணே” என்றான். புறங்கையால் மூடியை மெதுவாகத் தடவிப் பார்த்தேன். உண்மைதான், உலோக மூடி முழுவதும் மெல்லிய அதிர்வு. சார்ஜர் மூன்று முனை கொண்டது. சுவரில் இருந்த பிளக்கோ இரண்டு துளை மட்டும் கொண்டது. அதற்குள் ஒரு மாற்றியைச் செருகி, எர்த் முனை எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றிருந்தது.

சார்ஜருக்குள், மின்சாரத்தின் இரைச்சலை அடக்குவதற்காக, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் மடிக்கணினிப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய அளவு மின்னோட்டம் கசிவது அதன் இயல்பு. எர்த் இருந்தால் அது அந்த வழியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் உலோக உடலில் தேங்கி, தொடுபவர் கை வழியாகத் தரைக்குப் போகும். கண்டென்சரிலிருந்து வரும் அளவு பொதுவாக உயிருக்கு ஆபத்தானது அன்று. ஆனால் அதே உணர்வு, சார்ஜர் உள்ளே பழுதாகியிருந்தாலும், வீட்டு வயரிங்கே கோளாறாக இருந்தாலும் வரக்கூடும் என்பதால், இது எந்த வகை என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்ய யாராலும் இயலாது.

ஆகவே எர்த் உள்ள மூன்று துளை பிளக்கில் மட்டும் செருகுங்கள். அப்படியும் கூசினால், அல்லது கை உதறும் அளவுக்கு அடித்தால், சார்ஜரை ஒதுக்கி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முனையை வெட்டிவிட்டால் எந்த பிளக்கிலும் பொருந்தும் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த மாணவன் வீட்டில் எர்த் போடும்வரை, முழுவதும் சார்ஜ் ஏற்றிக் கழற்றிய பிறகே மடியில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டச்பேடை அழுத்தவே முடியவில்லை. மென்பொருள் கோளாறா?

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. கணினியை அணைத்து, மூடி, சமமான மேசையில் வைத்து மூலைகளை மெதுவாகத் தட்டுங்கள். ஆடினால் அல்லது அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த கருவியில் இதையே பார்த்தேன். டச்பேட் ஒரு மூலையில் நாணயம் அளவு உயர்ந்திருந்தது. மூடி முழுதாக மூடாமல் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. “ஒரு மாசமாகவே இப்படித்தான், புத்தகத்தை மேலே வைத்து அமுக்கி வைத்தேன்” என்றாள். லித்தியம்-அயன் பேட்டரிக்குள் வாயு உண்டாகி அதன் பை உப்புவதுதான் இது. அதை அமுக்குவதும், துளை போடுவதும், வெயிலில் வைப்பதும் தீப்பிடிக்க வழிவகுக்கும். அணைத்து, சார்ஜரை எடுத்து, மெத்தைக்கும் துணிக்கும் அப்பால் கடினமான தரையில் வைத்து, அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

எப்போதும் சார்ஜரிலேயே விட்டு வைக்கலாமா?

முடிந்தால் வேண்டாம். முழு நிறைவும் வெப்பமும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் முதிரும். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருப்பது நல்ல பழக்கம். தலையணைமேல் வைத்து இயக்கினால் அடியில் உள்ள காற்று வழிகள் அடைபடும். மே மாதப் புழுக்கத்தில் அது போதும், கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள.

மழைக்காலத்தில் பள்ளிக்கு எப்படி எடுத்துச் செல்வது?

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை இதுதான் பெரிய கேள்வி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நேரில் கண்டவர்கள், ‘வாட்டர்ப்ரூஃப் பை’ என்ற சொல்லை அவ்வளவாக நம்புவதில்லை. புத்தகப் பையின் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் நீர் இறங்கும். எனவே மடிக்கணினியைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை இரண்டு முறை மடித்து, அதன் பிறகே பைக்குள் வையுங்கள். குடையும் தண்ணீர் பாட்டிலும் அதே அறையில் இருக்கக் கூடாது.

நனைவது மட்டும் அன்று, வியர்ப்பதும் உண்டு. ஏசி அறையில் குளிர்ந்த கருவியை ஈரக் காற்றுக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த பாட்டிலின் மேல் முத்து முத்தாக நீர் படிவதைப்போல உள்ளேயும் படியலாம். வீடு வந்ததும் அரைமணி நேரம் பைக்கு வெளியே வைத்துவிட்டு இயக்குங்கள்.

டீ கொட்டிவிட்டது. அரிசியில் புதைத்து வைத்தால் சரியாகுமா?

ஆகாது. அரிசி உள்ளே புகுந்த நீரை இழுப்பதில்லை. மாவும் தூசியும் துளைகளில் புகுவதுதான் மிச்சம். செய்ய வேண்டியது, கொட்டிய அந்த நொடியிலேயே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, சார்ஜரைக் கழற்றுவது, திரையை முழுதாக விரித்து, கூரைபோலத் தலைகீழாக ஒரு துண்டின்மேல் நிறுத்துவது. மறுபடி இயக்கிப் பார்க்கும் ஆசைதான் பல கருவிகளைக் கொல்கிறது. நீர் படிந்ததனால் மட்டும் கெடுவதில்லை, ஈரத்தோடு மின்சாரம் பாய்வதால்தான் பாதைகள் அரிக்கப்படுகின்றன. ஹேர் டிரையர் வைத்துச் சூடேற்றவும் வேண்டாம்.

கட்டிங் சாய், அதாவது அரைக் கிளாஸ் டீ, வெறும் தண்ணீரைவிட மோசம். பாலும் சர்க்கரையும் காய்ந்த பிறகும் பிசினாக ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் கழித்து எறும்பும் வரும். இயங்குகிறதே என்று மறைக்காமல், உள்ளே துடைக்க வேண்டும் என்று பள்ளியிடம் சொல்லிவிடுங்கள்.

லோக்கல் ரயிலில் நெரிசலில் திரை உடைந்துவிட்டது. பிள்ளை சொல்லாமலே மறைத்துவிட்டான். என்ன செய்வது?

மறைத்தது ஏன் என்று முதலில் யோசியுங்கள். என்னிடம் வந்த உடைந்த திரைகளில் அன்றே வந்தவை மிகக் குறைவு. வாரக்கணக்கில் வீட்டில் ஒளித்து வைத்த பிறகு, தேர்வு நெருங்கி வேறு வழியில்லாமல் வந்தவைதான் அதிகம். அந்த இடைவெளியில் சிறு கீறல் முழுத் திரைக்கும் பரவியிருக்கும். இவ்வளவு செலவாகும் என்று விழும் அடியும் திட்டும்தான் பிள்ளையை வாய் திறக்க விடாமல் செய்கிறது. விபத்துக்கான பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பள்ளியைக் கேட்டு, அதைப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தற்காலிகமாக, எச்டிஎம்ஐ வயரில் டிவியை இணைத்து, விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்தி வேண்டிய காட்சியைத் தேர்ந்தெடுத்தால், பாடங்களைத் தொடரலாம். முக்கியமாகக் கோப்புகளை வெளியே எடுக்கலாம். ரயிலில் பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்வதே போதும், பாதி விபத்துகளைத் தவிர்க்க. மூடியின்மேல் டிபன் பாக்ஸை அழுத்தி வைக்காதீர்கள்.

வரவர மெதுவாகிவிட்டது. வைரஸா?

வைரஸைத் தேடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். வட்டு நிறைந்திருக்கிறதா? 64 ஜிபி சேமிப்பு மட்டும் உள்ள கருவியில் விண்டோஸே பெரும் பங்கை எடுத்துக்கொள்வதால், சில திரைப்படங்களும் கைபேசியிலிருந்து ஏற்றிய படங்களும் போதும், அது மூச்சுத் திணற. பிரவுசரில் எத்தனை டேப் திறந்திருக்கிறது? நாற்பது என்றால், அதுவே காரணம். மூன்றாவதாக, பின்னணியில் அப்டேட் ஓடுகிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எது நினைவகத்தை விழுங்குகிறது என்று அங்கே தெரியும். வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் இலவச ‘க்ளீனர்’ மென்பொருள்களை ஏற்ற வேண்டாம். அவையே பல வேளை நோய்.

வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். தேதி தவறாக இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் மறுக்கும். பழைய கருவிகளில் உள்ளே இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி சரி என்றால், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் சோதியுங்கள். அதில் திறந்தால் வீட்டு இணைப்புதான் சிக்கல், கணினி அன்று. தகரச் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைத் தடுக்கும் என்பதால், ரூட்டரை அடுத்த அறையில் வைத்து நம்ப வேண்டாம். ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருந்தால், தூரத்துக்கு முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர்கள் விண்டோஸ் அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்து வைத்தால், பெரும்பாலான அப்டேட்டுகள் உங்கள் அன்றைய டேட்டாவை விழுங்காமல் காத்திருக்கும். மாதம் ஓரிரு முறை நல்ல இணைப்பில் அப்டேட்டை ஓட விடுவதையும் மறக்க வேண்டாம்.

கீபோர்டு திடீரென்று எழுத மறுக்கிறது.

வலது ஷிஃப்ட் விசையை எட்டு விநாடிகள் அழுத்தியிருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ இயங்கிவிடும். அதன் பிறகு வேகமாகத் தட்டினால் எதையும் ஏற்காது. யோசித்துக்கொண்டே விசையில் விரலை ஊன்றியிருக்கும் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். மறுபடி அதே எட்டு விநாடி பிடித்தால் நின்றுவிடும். எழுத்து அடித்தால் எண் வந்தால், காரணம் ‘நம் லாக்’ (Num Lock) விசை.

மைக்கில் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை, கேமராவிலும் கறுப்புதான் தெரிகிறது.

கேமரா மேல் ஒரு சிறு நகர்த்து மூடி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மைக்கைப் பொறுத்தவரை, புளூடூத் இயர்போன் பக்கத்து அறையில் எங்காவது இணைந்து கிடக்கும், கணினி அதன் மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்வது எப்படி? ஆசிரியர் அனுப்பிய கோப்பில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறதே?

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து அம்மணமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக மாற்றினால் படிக்கலாம். பழைய வினாத்தாள்களைத் தூசி தட்டி அனுப்பும்போது இது நேர்கிறது.

தட்டச்சுக்கு, விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. இடது கைப்பக்கம் உயிரெழுத்துகள், வலது கைப்பக்கம் பெரும்பாலான மெய்கள். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ‘அம்மா’ என்பதை ஆங்கில ஒலியாக்கி அடிக்கும் முறை உடனே வருவதுபோல் இருக்கும், ஆனால் ந, ன, ண வேறுபாட்டிலும் ல, ள, ழ வேறுபாட்டிலும் பிள்ளைகள் ஆயுள் முழுக்கத் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்பதால், நம் பிள்ளைக்கு ஆங்கிலம், மராத்தி, தமிழ் என்று மூன்று விசைப்பலகைகள் வேண்டும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். கடவுச்சொல் ‘தவறு’ என்று வரும்போதெல்லாம், கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். பாதி வேளை மராத்தியில் அடித்துக்கொண்டிருப்பான்.

48 இலக்க எண் கேட்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா?

கூடாது. அது பிட்லாக்கர் மீட்பு எண். வட்டில் உள்ளவை பூட்டப்பட்டிருப்பதால், கருவியில் ஏதோ மாற்றம் தெரிந்தவுடன் விண்டோஸ் அதைக் கேட்கிறது. பள்ளிக் கருவி என்றால் அந்த எண் பள்ளியின் கணினிப் பொறுப்பாளரிடம் இருக்கும். ஃபார்மட் செய்தால் பாடங்கள் அழியும். மறந்த கடவுச்சொல்லுக்கும் இதே விடைதான்: பள்ளிக் கணக்கை மாற்றி அமைக்கப் பள்ளியால் மட்டுமே முடியும்.

ஊருக்குப் போக அப்பா அதிலேயே தட்கல் டிக்கெட் எடுக்கலாமா?

நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்குக் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும்போது வீட்டில் இருக்கும் ஒரே பெரிய திரை அதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்பேன். பள்ளி நிர்வகிக்கும் கருவியில் பார்க்கும் பக்கங்கள் நிர்வாகிக்குத் தெரியக்கூடும். பிரவுசர் ‘சேமிக்கவா’ என்று கேட்டு வங்கிக் கடவுச்சொல்லைப் பள்ளிக் கணக்கில் சேர்த்துவிட்டால், அது பிள்ளை திறக்கும் எல்லா இடத்திலும் கூடவே வரும். தவிர்க்க முடியாவிட்டால் எதையும் சேமிக்காமல், முடிந்ததும் வெளியேறுங்கள்.

“உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரை முழுவதும் வந்து, சைரனும் அடிக்கிறது.

அது ஓர் இணையப் பக்கம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து பிரவுசரை மூடுங்கள். மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே அழைத்து, பணமோ ஓடிபியோ கொடுத்துவிட்டால், நேரம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

லாமிங்டன் ரோட்டில் கொடுத்துச் சரிபார்க்கலாமா? மலிவாக முடிந்துவிடுமே.

பள்ளிக் கருவியைக் கொடுக்காதீர்கள். திருகாணியைக் கழற்றிய தடம் தெரிந்தாலே உத்தரவாதம் பற்றிய வாக்குவாதம் தொடங்கும். சொந்தக் கருவி என்றால், கிராண்ட் ரோடு நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அந்தக் கணினிச் சந்தையில் கைதேர்ந்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, சீரியல் எண்ணைப் படமெடுத்து, மாற்றப்போகும் உதிரி எது, விலை என்ன என்பதை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். சொந்தக் கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு தற்காலிகக் கணக்கை உருவாக்கிக் கொடுங்கள். என் சொந்தக் கணினியை ஒரு கடையில் கொடுத்தபோது இதில் எதையும் செய்யாமல், 8 ஜிபி நினைவகத்தை 4 ஜிபியாகத் திரும்பப் பெற்றேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஊரிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய பழைய அரசு மடிக்கணினி இருக்கிறது. தம்பிக்குப் பயன்படுமா?

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் இங்கே பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. தட்டச்சு பழகவும், கோப்பு எழுதவும், பாடக் காணொலிகளைப் பார்க்கவும் பயன்படும். பழைய விண்டோஸை அப்படியே வைத்து இணையத்தில் விடாதீர்கள். விண்டோஸ் 10க்கே வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸில் இலேசான ஒன்றை ஏற்றி, பழைய வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் போட்டால், நம்ப முடியாத அளவுக்கு விழித்துக்கொள்ளும். பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அது கழற்றக்கூடிய வகை என்றால், கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் செருகி ஓட்டிக்கொள்ளலாம்.

ரயிலில் பையோடு விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

உடனே ரயில்வே உதவி எண்ணான 139ஐ அழைத்து, எந்த வண்டி, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது பெட்டி என்று சொல்லுங்கள். நிலையத்தில் உள்ள ரயில்வே போலீஸிடமும் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள், பள்ளி கேட்கும். அதோடு, வேறு கருவியிலிருந்து கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பள்ளியின் கணினிப் பொறுப்பாளருக்கு எப்படி எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும்?

“லேப்டாப் வேலை செய்யவில்லை சார்” என்று எழுதினால், நான்கு கேள்விகள் திரும்பி வரும், இரண்டு நாள் போய்விடும். கீழே உள்ளது, மேலே சொன்ன பேட்டரி மாணவியும் நானும் சேர்ந்து எழுதியது:

“வணக்கம் ஐயா. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. கருவியின் அடியில் உள்ள ஒட்டு எண்ணின் படம் இணைத்துள்ளேன். ஒரு மாதமாக டச்பேட் உயர்ந்து வருகிறது. மூடி முழுதாக மூடவில்லை. பேட்டரி வீங்கியிருக்கலாம் என்று நினைப்பதால் நேற்று மாலை 6 மணிக்கு அணைத்துவிட்டேன், அதன் பிறகு சார்ஜ் போடவில்லை. கீழே விழவில்லை, நீர் படவில்லை. அறிவியல் செயல்திட்டம் பள்ளிக் கணக்கில் சேமித்திருக்கிறது. நாளை காலை நேரில் கொண்டுவரலாமா, அல்லது ரயிலில் எடுத்துவர வேண்டாமா?”

மறுநாள் காலை 7 மணிக்கே பதில் வந்தது: ரயிலில் கொண்டுவர வேண்டாம், ஆள் அனுப்புகிறோம்.